இடது கை

மதுரையிலிருந்து வந்த விளம்பரக்காரர்
மடிக்கணினியைத் திறந்து காட்டினார்:
ஒரு கடைவாய்ப்பல்,
அதன் இரண்டு வேர்களுக்கு நடுவே
தாமிரபரணி ஓடுகிறது.
"மண்ணோட ஒட்டி இருக்கணும் டாக்டர்,
இப்போ அதுதான் எடுபடும்."
அடுத்த படத்தில் அல்வா.
"அல்வா தின்னா சொத்தை,
சொத்தைன்னா நீங்க."
சிரித்துவிட்டேன்.
நல்ல மனிதர்.
மேல்வரிசையில் ஒரு பல் கறுத்திருந்தது,
நரம்பு செத்து நாளாகியிருக்கும்.
அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

முக்கூடலில்
உரக்கடை மாடியில் என் கிளினிக்.
பதினேழு படி.
யூரியா வாடையும் கிராம்பெண்ணெய் வாசமும்
எட்டாவது படியில் சந்தித்துக்கொள்ளும்.
முதல் மாதம் ஏறி வந்தவர்கள் ஒன்பது பேர்,
அதில் இரண்டு பேர் வாடகை கேட்க.

வண்ணார்பேட்டையில் காஜா மைதீன்
ஆறடிக்கு ஒரு வாயை அச்சடித்துத் தந்தார்.
எந்த நாட்டுப் பெண்ணுடையதோ,
முப்பத்திரண்டும் ஒரே வெள்ளை.
படிக்கட்டில் கட்டினேன்.
பீடிக்கட்டோடு கடைக்குப் போகிற பெண்கள்
நிமிர்ந்து பார்த்தார்கள்,
முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கடந்தார்கள்.
மூன்று நாள் அதைப் பார்த்தேன்.
நாலாம் நாள் நானே அவிழ்த்தேன்.
இப்போது அது உரக்கடை வண்டிக்கு மழைப்போர்வை.
மூட்டைகளின் மேல் அந்தச் சிரிப்பு
நனைந்துகொண்டே ஆலங்குளம் போய் வருகிறது.

பிரம்மசக்தி வந்தது ஒரு புதன்கிழமை.
விரலிடுக்கில் இருபது வருடத்துப் புகையிலைத் தூள்.
நாற்காலியில் சாயவில்லை,
நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
"முந்தி ஒருத்தர்ட்ட போனேன்.
கத்தக் கத்தப் புடுங்குனாரு.
காலைப் புடிச்சுக்கிட ஒரு ஆளு வேற."
எனக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.
"இடது கையைத் தூக்குங்க, நிறுத்திருதேன்."

ஊசியைப் பார்த்ததும் தூக்கினாள். நிறுத்தினேன்.
ஊசி தொட்டதும் தூக்கினாள். நிறுத்தினேன்.
மரத்துப்போய் ஒன்றுமே உறைக்காத நேரத்தில்
ஒரு தடவை தூக்கினாள்,
நிறுத்துகிறேனா என்று பார்க்க.
கருவியைத் தட்டில் வைத்துவிட்டு
பாப்பாக்குடி பஸ் திரும்பும் வரை
ஜன்னலில் நின்றேன்.
கை தானாக இறங்கியது.
பல் வந்தது.

அடுத்த வாரம் நாலு பேர்.
பொங்கலுக்குள் பெஞ்சு போதவில்லை.
பிளெஸி ரத்னமலர் என்று என் பெயர் சொல்லி
ஒருவரும் வரவில்லை.
சுவரில் தொங்கும் பதக்கத்தை
ஒருவரும் வாசிக்கவில்லை.
"கை தூக்குனா நிறுத்துவாவளே,
அந்த டாக்டரம்மா மேலயா இருக்காவ?"
கீழே உரக்கடையில் இப்படித்தான் விசாரிப்பு.

விளம்பரக்காரரிடம் போனில் சொன்னேன்.
"பிரமாதமான வாசகம் டாக்டர்,
உடனே பதிவு பண்ணிருங்க,
வேற யாரும் எடுத்துரக் கூடாது."
எடுக்கட்டும் சார் என்றேன்.
நம் ஊரில் எல்லா டாக்டரும் எடுக்கட்டும்.
அவர் பல்லைப் பற்றியும் அன்று சொல்லிவிட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வலிக்கலியே டாக்டர்."
அதுதான் சார் பிரச்சினை.

வெள்ளைத் தகரத்தில் கறுப்பு எழுத்து.
திறக்கும் நேரம், பல் எடுக்க எவ்வளவு,
அடைக்க எவ்வளவு.
கீழே ஒரு வரி:
வலித்தால் இடது கையைத் தூக்கவும்.
எழுதி மாட்டுவதற்கு இருநூறு ரூபாய் ஆனது.
மலிவு என்று அப்போது நினைத்தேன்.

நேற்று சனிக்கிழமை, பீடிக்கடையில் சம்பள நாள்.
வெளியே இருபத்திமூன்று பேர்.
உச்சிமாகாளி அண்ணாச்சிக்கு வேர் முறிந்து
பாதி உள்ளே நின்றுவிட்டது.
இன்னும் ஒரு நெம்பு, வந்துவிடும்,
என் மணிக்கட்டுக்குத் தெரியும்.
கை எழுந்தது.
"ரெண்டே நிமிஷம் அண்ணாச்சி" என்றேன்.

கை இறங்கவில்லை.
பாதிக் கதவுக்கு அப்பால்
பெஞ்சில் பேச்சு நின்றுபோனது.

கருவியைத் தட்டில் வைத்தேன்.
அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.
கையுறையைக் கழற்றினேன்.
அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் கடிகாரத்தை.
எட்டே முக்கால் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.
கை இன்னும் மேலேதான் இருந்தது.